கஞ்சமலை ஓடைக்கு நான் சுமந்துபோன இரும்புப் பெட்டி

ஈப்போவில் எங்கள் சுரங்க ஆபீசில், லீவு நாளில் ஆற்றுமணலை அரித்துப் பொன் தேடும் பைத்தியங்கள் நாலைந்து பேர் உண்டு. நானும் அதில் ஒருவன். கிடைப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி. அதைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். நான் இந்தியாவுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து அந்த நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சேலத்துப் பக்கம் அரிக்க என்ன சாமான் எடுத்துப் போனாய், எது கனமில்லாதது, எது உழைக்கும்? வாயால் பதில் சொன்னால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளீயத்தின் விலை விழுந்து சுரங்கம் பாதி நாள் மூடிக் கிடந்த வருஷம் அது. குமாஸ்தாக்களுக்கு நீண்ட லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மனைவிக்குச் சேலம் பிறந்த ஊர். அவள் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் பொன் பொடி உண்டு என்று மாமனார் சொல்லி நான் பல வருஷங்களாகக் கேட்டிருக்கிறேன். கல்யாணம் முடிந்ததும் பத்து நாள் அங்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் ஒரு டூலாங் இருந்தது. ஒரே மரத்தில் குடைந்த, நடுவில் குழிந்த வட்டத் தட்டு. எங்கள் ஊரில் சீனப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று இதில்தான் வெள்ளீயம் அரிக்கிறார்கள். அதற்குச் சர்க்கார் பாஸ் கொடுக்கிறது. பாஸ் இடுப்பில் இருந்தால் அவளை யாரும் ஆற்றைவிட்டு எழுப்ப முடியாது. அந்த டூலாங்கைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தேன். மனைவி எடுத்து வெளியே வைத்தாள். கல்யாண வீட்டுக்குக் கூலிக்காரத் தட்டோடா வருவீர்கள் என்று கேட்டாள். நான் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். மறுத்துப் பேசியிருக்க வேண்டும்.

சென்னையில் கப்பலைவிட்டு இறங்கியதும், வெள்ளைக்காரர்களுக்கு நில அளவைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குள் போனேன். மரத்தட்டு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. ஒரு படப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தொப்பி வைத்த ஒருவன் வாயில் புகைக்குழாயோடு, ஒரு கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறான். ஒரே ஆள் எடுத்துப் போகலாம் என்றார் கடைக்காரர். பெட்டியே விரிந்து, தண்ணீர் ஓடும் தகட்டு வாய்க்காலாக மாறும். அதற்குள் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு இரும்புத் தட்டுகள், இரண்டு சல்லடைகள், கைப்பிடி மடங்கும் மண்வெட்டி, காந்தம், பூதக்கண்ணாடி, ஒரு குப்பிப் பாதரசம். கடையில் நான் காலிப் பெட்டியை மட்டும் தூக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஆற்றில் அரித்தவன், சாமானை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் வாங்கினேன். அந்தக் கோபத்தைக் கடைக்காரர்மேல் போட எனக்கு உரிமை இல்லை.

ரயிலில் பாதரசக் குப்பி கசிந்தது. துடைக்கப் போன கையில் கல்யாண மோதிரம் இருந்தது. பாதரசம் பட்டால் பொன் வெளுக்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் துடைத்தேன். சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது மோதிரம் வெள்ளி மாதிரி இருந்தது. ஊரில் வீட்டுக்கு வீடு நகையை விற்றுக்கொண்டிருந்த காலம். மாமியார் என் விரலைப் பார்த்துவிட்டாள். கல்யாணம் முடியும்வரை எனக்கு மட்டும் இரண்டு கரண்டி நெய் அதிகமாக விழுந்தது. மாப்பிள்ளை மோதிரத்தை விற்றுவிட்டு வெள்ளியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அந்த அம்மாள் மனத்துக்குள் அழுதிருக்கிறாள். பாதரசத்தைப் பற்றி நான் சொன்ன விளக்கத்தை மாமனார் வீடு இருக்கும் அம்மாபேட்டையில் ஒருவரும் நம்பவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாளே கிளம்பினேன். என் மைத்துனன் பழனிச்சாமி, நூல் வியாபாரம் செய்பவன், துணைக்கு வந்தான். நல்ல பையன்தான். ஆனால் வாயை மூடவே தெரியாது. பெட்டியைத் தூக்க அவனும் நானும் போதாமல் பஸ்ஸின் கிளீனரையும் கூப்பிட்டோம். மேலே ஏற்றும்போதே தோள்வார் அறுந்தது.

பஸ் பாதி வழியில் சக்கரம் காற்றுப் போய் நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். அங்கே ஒருத்தி மண்சட்டியில் வறுத்த நிலக்கடலை சூடாக விற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு கை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினால், டிரைவர் என் பெட்டியை இறக்கி, பஸ்ஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறார். கேட்டதற்கு, இரும்புதானே, என்ன ஆகிவிடும் என்றார். ஒரு பக்கத் தகடு உள்ளே ஒடுங்கியிருந்தது. நான் கத்தினேன். பயணிகள் என்னைத்தான் கோபமாகப் பார்த்தார்கள். என்னால் அவர்களுக்கு நேரமாகிறதாம்.

பக்கத்தில் இரண்டு நெசவாளிகள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். சுரங்கத்தில் தெலுங்குக் கூலிகளோடு பழகிய எனக்கு அது புரிந்தது. பெட்டியில் என்ன இருக்கும் என்றார் ஒருவர். பூமியை அளக்க வந்த சர்க்கார் ஆள் இவன், எந்த ஊரில் இறங்கப்போகிறானோ, அந்த ஊர்க்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது என்றார் மற்றவர். எனக்கு அது பெருமையாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மாட்டு வண்டி பிடித்தோம். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. மலைக்கு மேற்கில், ஓடை வளையும் இடத்தில் ஐம்பது வீடு இருக்கும். தங்க இடம் கேட்டு மணியக்காரரின் தோட்டத்துக்குப் போனோம். ஐம்பது வயது, நல்ல உயரம், காதில் கடுக்கன். வண்டியிலிருந்து மூன்று ஆள் சேர்ந்து இறக்கிய பெட்டியை அவர் இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். நான் கால் கழுவப் போன சமயத்தில் பழனிச்சாமி அவரிடம் என்ன சொன்னான் என்பது திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றதிலேயே தெரிந்தது. மலாயாக் கம்பெனி ஆபீசர், ஓடையில் பொன் எவ்வளவு என்று பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். வெறும் பொழுதுபோக்குக்கு மணல் அரிக்கிறவன் என்றால் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் மாமா என்று என் காதில் சொன்னான். நான் அவனைத் திருத்தவில்லை. சத்திரத்தில் நல்ல அறை கிடைத்தது. காலையில் ஒரு செம்பு பால் வந்தது. பழனிச்சாமி கடையைப் பார்க்க வேண்டும் என்று சேலத்துக்குத் திரும்பினான். பொய்யை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். நான் அதைப் பாலோடு சேர்த்துக் குடித்தேன்.

முதல் நாள் ஓடைக்குப் போனபோது அங்கே எட்டுப் பத்துப் பேர் அரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்களே அதிகம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, பாவாயி என்று பெயர், நீள்வட்டமான மரத்தட்டை நீரில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அதை அவர்கள் மரவை என்கிறார்கள். அவளோடு அவள் நாத்தனார் ஒருத்தி இன்னொரு மரவையோடு நின்றாள். பாவாயியிடம் கேட்டு மரவையை வாங்கிப் பார்த்தேன். கையில் நிறுத்துப் பார்த்தேன். நனைந்த மரமே அவ்வளவு லேசு. உள்பக்கம் பல வருஷத் தேய்ப்பில் பட்டு மாதிரி இருந்தது. ஆனாலும் மரத்தின் ரேகை விரலில் தட்டுப்பட்டது. அந்த ரேகையில்தான் பொடிப் பொன் தங்கும். இதே சாமானை அல்லவா நான் ஈப்போவில் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மத்தியானம் அவர்கள் கம்பங்கூழும் மோர்மிளகாயும் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு சட்டியில் ஊற்றிக் கொடுத்தாள் பாவாயி. சத்திரத்தில் மணியக்காரர் அனுப்பிய வெல்லக் கச்சாயப் பலகாரத்தைவிட அது நன்றாக இருந்தது. அவர்களுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கத்தில், நான் என் பெட்டியை விரித்தேன். அப்போதே அவர்கள் தண்ணீர் கலங்கியது. எல்லோரும் மரவைகளை எடுத்துக்கொண்டு நாலு முழம் தள்ளிப் போனார்கள்.

இரண்டாம் நாள் முழுவதும் அந்தப் பெட்டியோடு சண்டை போட்டேன். அது வேலை செய்யக் கணுக்கால் தண்ணீர் போதாது, வேகமான ஓட்டம் வேண்டும். தை மாத ஓடை நூல் மாதிரிதான் ஓடியது. ஒடுங்கிய தகட்டில் கீல் மடங்கவில்லை. மடங்கிய கீலுக்குள் மணல் புகுந்து மறுபடி விரியவில்லை. இரும்புத் தட்டில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருந்தார்கள். அந்த எண்ணெய்ப் பசையில் பொடிப் பொன் மிதந்து தண்ணீரோடு போனதைக் கண்ணால் பார்த்தேன். அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சிய பிறகுதான் தட்டு வழிக்கு வந்தது. அடுத்தது காந்தம். கஞ்சமலை இரும்புமலை. ஓடை மணலில் பாதி கறுப்பு மணல். அதைக் காந்தத்தால் எடுத்துவிட்டால் பொன் நிற்கும் என்பது புத்தகத்து ஏற்பாடு. காந்தத்தைத் தட்டுக்குள் கொண்டுபோனேன். அது போய் இரும்புத் தட்டிலேயே ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் மணல் எல்லாம் சிதறியது. மரத்தட்டு என்றால் காந்தம் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும். இரும்புத் தட்டையும் காந்தத்தையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றவன் வாழ்நாளில் ஒரு பிடி மணல் அரித்திருக்கமாட்டான்.

மூன்றாம் நாள் ஓடையில் ஒருவரும் இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கலங்காத தண்ணீர், இடம் முழுக்க எனக்கே. பெட்டியைக் கரையில் போட்டுவிட்டு, காய்ச்சிய தட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அரித்தேன். மூன்று பொடி கிடைத்தது. எள்ளில் பாதிகூட இராது. குப்பியில் போட்டு வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சத்திரத்துக்கு வந்தேன். அவர்கள் ஏன் வரவில்லை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

நாலாம் நாள் காலையில் பால் செம்பு வந்தபோது பாவாயி சத்திரத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஏனுங்க, நீங்க கம்பெனிக்காரருங்களா?" என்று கேட்டாள்.

யார் சொன்னது என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி.

"மணியகாரரு சொல்லிப்போட்டாருங்க. ஓடை கம்பெனிக்குப் போச்சாம். இனி மண்ணைத் தொட்டா ஜெயிலுன்னாரு. முந்தாநேத்துப் பொழுதோட ஆளை உட்டு எங்க மரவை அஞ்சையும் எடுத்துட்டுப் போயிட்டாருங்க. இந்த ரெண்டு மாசம் காட்டு வேலை கெடையாதுங்க. ஓடைதான் எங்களுக்குச் சோறு."

மரவைகளை எடுத்துப் போனது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான். அவள் ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நேத்துப் பூரா நீங்க ஓடையிலதான இருந்தீங்க? ஏன் ஒருத்தரும் வரலைன்னு ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தப் பாலை நான் குடிக்கவில்லை. குடிக்காததால் யாருக்கும் பயனில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

மணியக்காரரின் தோட்டத்துக்கு நடந்தேன். போகும்போது வந்த கோபம் முழுக்க அவர்மேல். கிணற்றடியில் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுக் கொட்டகையில் ஒரு கன்றுக்குட்டி தவிடு தின்றுகொண்டிருந்தது. தவிடு வைத்திருந்தது ஒரு மரவையில். இன்னும் மூன்று சுவரில் சாய்ந்திருந்தன. ஐந்தாவதைக் காணவில்லை.

மணியக்காரர் கட்டிலில் உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். நான் எந்தக் கம்பெனியும் அனுப்பி வந்தவன் அல்ல, சுரங்க ஆபீசில் கணக்கு எழுதும் குமாஸ்தா, லீவில் வேடிக்கைக்கு மணல் அரிப்பவன், என் மைத்துனன் சொன்னது பொய், அந்தப் பொய்யைக் கேட்டும் சும்மா இருந்தது என் தப்பு என்றேன். கவலை ஓட்டியவர்கள் மாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல. ஏதோ கைநழுவிப் போனவரின் முகம். "கம்பெனி வந்தா ஊருக்கு ஒரு ரோடு வரும், என்ற பையனுக்கு ஒரு உத்தியோகம் கெடைக்கும்னு இருந்தனுங்க" என்றார். பிறகுதான் கோபம் வந்தது. வரும்போது 'ங்க' போய்விட்டது.

"அப்ப நாலு நாளா என்ற மாட்டுப் பாலைக் குடிச்சது ஆரு?"

நான்தான் என்றேன். மரவைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஊருக்கு முன்னால் சொன்ன சொல்லை மாற்றினால் நாளைக்கு எவன் மதிப்பான் என்றார். ஓடை மண் சர்க்கார் மண், கம்பெனி வந்தாலும் வராவிட்டாலும் அரிக்கக்கூடாது என்றார். இத்தனை வருஷம் அவர் கண்ணெதிரில் அரித்தவர்கள்தானே என்றேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

அப்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. சர்க்கார் மண் என்றால் நானும் அனுமதி இல்லாமல்தான் தோண்டினேன். அதை நானே கலெக்டருக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். மூன்று நாள் தோண்டினேன், மணியக்காரர் அறை கொடுத்து, பால் கொடுத்து, பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆபீஸ் இங்கிலீஷில் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு அனுப்புகிறேன், எனக்கு வரும் தண்டனை வரட்டும் என்றேன். என் குரல் ஏறிவிட்டது. பயமும் கோபமும் பாதிப் பாதி. சுரங்கத்தில் போலீஸ் வழக்கு உள்ளவனை வேலைக்கு வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

மணியக்காரர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். கடைசியில், அந்த இரும்புப் பெட்டி இங்கேயே இருக்கட்டும், பறிமுதல் செய்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன், மரக்கட்டைகளை எடுத்துப் போய்த் தொலையட்டும் என்றார். பெட்டி போனதில் எனக்குக் கவலையே இல்லை. அவர் அதை வாய்க்கால் மடைக்கு வைத்துக்கொண்டாலும் சரி என்று தோன்றியது.

ஐந்தாவது மரவை எங்கே என்று கேட்டேன். அவர் ஆளைப் பார்த்தார். ஆள் வெந்நீர் அடுப்பைப் பார்த்தான்.

நாலு மரவைகளையும் தலையில் அடுக்கிக்கொண்டு ஊருக்குள் நானே சுமந்து போனேன். சொந்தக்காரர்கள் அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எரிந்தது பாவாயியினுடையது. அவள் வெறும் கையோடு நின்றாள். என்னிடம் மிஞ்சியிருந்த இரும்புத் தட்டை நீட்டினேன். அவள் அதை வாங்கித் தூக்கிப் பார்த்து, விரலால் உள்ளே தடவி, இதில் பொடி நிற்காதுங்க என்று திருப்பிக் கொடுத்தாள். சென்னையில் கடைக்குள் நின்று நான் செய்திருக்க வேண்டிய சோதனையை அவள் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டாள்.

அவள் நாத்தனாரின் மரவையை ஒரு வாழைநாரால் நீளம், அகலம், ஆழம் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு சேலம் திரும்பினேன். அம்மாபேட்டையில் பழனிச்சாமியிடம் நான் பேசிய பேச்சை எழுத முடியாது. உங்கள் மதிப்புக்காகத்தானே சொன்னேன் மாமா என்று அவன் கண் கலங்கினான். என் கோபம் அதனால் குறையவில்லை. பொய்யைத் தொடங்கியவன் அவன் என்றால், அதை வைத்து நாலு நாள் சௌகரியமாக இருந்தவன் நான். அவனைத் திட்டத் திட்ட அதுதான் எனக்குக் கேட்டது.

மலைமரம் இறங்கும் இடம் கொண்டப்பநாயக்கன்பட்டி என்றார்கள். ஏற்காட்டு மலையடியில் ஒரு தச்சரைப் பிடித்தேன். எந்த மரம் என்று கேட்டார். பலகைகளை ஒவ்வொன்றாக நனைத்து, தூக்கி, வெயிலில் வைத்துப் பார்த்தேன். வேங்கை கனம். பலா வெடிக்கும் என்று அவரே சொன்னார். பல வருஷம் காய்ந்து கிடந்த ஒரு குமிழங்கட்டை நனைந்தபிறகும் லேசாக இருந்தது, ரேகை நெருக்கமாக இருந்தது. அதையே குடையச் சொன்னேன். குடைய ஆன மூன்று நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மணலும் ஓட்டாஞ்சில்லும் போட்டு உள்பக்கத்தை நானே தேய்த்தேன். மனைவி ஒருநாள் வந்து பார்த்தாள். என் கையில் எழும்பியிருந்த கொப்புளத்துக்கு விளக்கெண்ணெய் தடவினாள்.

கப்பலுக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தபோது மரவையைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அந்தத் தடவை பஸ் எங்கும் நிற்கவில்லை. சக்கரம் காற்றுப் போயிருந்தால்கூட நான் கத்தியிருக்கமாட்டேன்.

ஓடையில் பாவாயியும் நாத்தனாரும் ஒரு மரவையை மாற்றி மாற்றி அரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அரிக்கும்போது மற்றவள் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் துணியைப் பிரித்துக் கொடுத்தேன். பாவாயி தண்ணீரில் முக்கினாள், ஒரு கை மணல் போட்டு நாலு ஆட்டு ஆட்டினாள், சாய்த்துப் பார்த்தாள்.

"ஒரு விரக்கடை ஆழம் சாஸ்திங்க" என்றாள்.

திருத்திக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தேயத் தேயப் பழகிவிடும், ஒரு வருஷம் ஆகும் என்றாள். அந்த ஒரு வருஷம் எவ்வளவு பொடி ஆழத்தில் சுற்றிக்கொண்டு வீணாய்ப் போகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க எரிச்சதுக்கு நீங்க குடுத்தீங்க. வாங்கிக்கிட்டனுங்க. அதுக்காவ உங்களை நல்லவருன்னு நான் சொல்லோணும்னு நிக்காதீங்க. பொழுது போவுது, எனக்கு வேலை கெடக்குது."

புது மரவையில் மணலை அள்ளிக்கொண்டு அவள் தண்ணீரில் குனிந்தாள். நான் கரையேறி, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.